பல்வலிக் காவல்காரன்

திருவனந்தபுரம்
18-1-2026, ஞாயிறு

உயர்திரு ஷிபின் சார் அவர்களுக்கு,

உங்கள் மனைவி ஷெமி எழுதுகிறேன். அப்படி ஒருத்தி இங்கே இருக்கிறாள் என்று ஞாபகம் இருந்தால் மேற்கொண்டு படிக்கவும்.

நீங்கள் இருக்கிற போனக்காட்டு மலையில் போனுக்கு ரேஞ்ச் கிடையாது, தெரியும். நீங்கள் மெனக்கெட்டு மலைப்பாதை வளைவு வரைக்கும் இறங்கி வந்து கூப்பிட்டாலும், நான் மூச்சு விடாமல் பேசி முடித்த பிறகு அந்தப் பக்கத்தில் "ம்" என்று ஒரு சத்தம் வருகிறது. அதற்கு நான் தலையணையோடு பேசலாம். ஆகவே இனிமேல் கடிதம்தான். போனக்காட்டு பஸ் கண்டக்டர் ரெனி சேட்டனிடம் கொடுத்துவிடுகிறேன். பதிலையும் அவரிடமே கொடுங்கள். காகிதத்தில் "ம்" என்று மட்டும் எழுதி அனுப்ப உங்களுக்கே கூச்சமாக இருக்கும்.

என் கோபம் என்னவென்று தெரியாத மாதிரி இருக்காதீர்கள். எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு உங்களைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சர்ச்சில் நாலு பேர் உச்சுக்கொட்டினார்கள். போன வாரம் உங்கள் பழைய பள்ளிக்கூடத்து ரத்னாபாய் டீச்சர் நான் வேலை பார்க்கிற துணிக்கடைக்குச் சேலை எடுக்க வந்தார். "ஷிபின் சாரு தானே எழுதிக் கேட்டுல்லா போனாரு? யாரும் போகாத எடம், கேட்ட ஒடனே கொடுத்துட்டாவ. ஒனக்குத் தெரியாதா மக்கா?" என்றார். பழவங்காடிக் கடை நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு எடுத்தால் ஒன்று இலவசம் என்று சொல்ல வேண்டிய நேரம். மலையாளத்திலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை.

போனக்காட்டுக்குக் கிளம்பிய அன்றைக்கு விடியற்காலையில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவுக் கொண்டியைச் சத்தமில்லாமல் தூக்கிவிட்டுப் போயிருக்கிறீர்கள். எழுப்பினால் என்ன, கடித்தா விடுவேன்?

ஊருக்குத் திரும்பக் கேட்டு மனு கொடுக்க பிப்ரவரி கடைசி வரைக்கும்தான் நேரம் என்றும் ரத்னாபாய் டீச்சர் சொன்னார். கொடுக்காவிட்டால் இன்னும் மூன்று வருஷம் அங்கேதானாம். கொடுப்பீர்களா, மாட்டீர்களா? அதை மட்டும் சொல்லுங்கள்.

பிறகு, உங்கள் கம்ப்யூட்டர். "பழசு எடுக்க வார ஆக்ரிக்காரனுக்குப் போட்டிருவோமா மக்கா?" என்று அம்மா கேட்டாள். போடும் முன் நீங்கள் தினமும் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதற்குள் என்னதான் பார்த்தீர்கள் என்று தெரிந்துகொள்ள, திரையில் இருந்த சாவிப் படத்தை அமுக்கினேன். இருபத்தைந்து வருஷத்துப் பழைய கேம் என்று அதிலேயே போட்டிருக்கிறது. ஒரு படகுக்காரன். அவன் படகுச் சாவியைப் பணக்காரன் ஒருவன் பிடுங்கி மாடியில் வைத்திருக்கிறான். வீட்டைச் சுற்றிக் காவல். உள்ளே போய்ச் சாவியை எடுக்க வேண்டும், அவ்வளவுதானே? வாசல் காவல்காரனை ஒரே போடு போட்டேன். இரண்டாமவன் ஓடிவந்தான், அவனுக்கும் ஒன்று. பிறகு எங்கிருந்தோ ஒரு கூட்டமே வந்து என்னைச் சாத்திவிட்டது. இந்தக் கூத்தையா திரும்பத் திரும்ப, அதுவும் அதில் பதிவாகியிருக்கிற பட்டியலைப் பார்த்தால் முதல் மிஷனை மட்டும், ஆடிக்கொண்டிருந்தீர்கள்?

ஷெமி


போனக்காடு
22-1-2026

அன்புள்ள ஷெமி,

கடிதம் கிடைத்தது. ரெனி சேட்டன் பஸ்ஸை நிறுத்திவிட்டு, பள்ளிக்கூடத்துக்கே ஏறி வந்து, "சாரே, வீட்டீந்நு சம்மன் வந்நிட்டுண்டு" என்று பிள்ளைகள் முன்னால் கொடுத்தார்.

வாசல் காவல்காரனை அடித்தாயா? ஐயோ. அவனை யாராவது அடிப்பார்களா?

அது அடிக்கிற கேம் இல்லை ஷெமி. அடித்துக்கொண்டும் போகலாம்தான், விடுவார்கள். ஆனால் அதைச் செய்தவர்களின் கெட்டிக்காரத்தனம் எல்லாம் அடிக்காமல் போகிறவனுக்குத்தான் தெரியும். ஆரம்பத்தில் உன்னை எங்கே நிறுத்துகிறார்கள், பார்த்தாயா? மதில் ஓரத்து இருட்டில். காலுக்குக் கீழே புல். இரண்டடி தள்ளிச் சரளைக்கல். அதற்கும் அப்பால் ஒரு விளக்கு வெளிச்சம். எப்படி நடக்க வேண்டும் என்று எங்கேயாவது எழுதிப் போட்டிருக்கிறார்களா? ஒரு வரி கிடையாது. சரளையில் கால் வைத்தால் நறநறவென்கிறது, தூரத்தில் ஒரு தலை திரும்புகிறது. உடனே புல்லுக்கு வந்துவிடுவாய். அவ்வளவுதான், பாடம் முடிந்தது. வாத்தியாராகச் சொல்கிறேன், இப்படி ஒரு முதல் பாடம் நான் இதுவரை எடுத்ததில்லை. ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அழுதுகொண்டு வந்து உட்காரும்போது எனக்கு அந்த மதில் ஓரம்தான் நினைவுக்கு வரும்.

மார்த்தாண்டத்தில் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்தபோது ஒரு நெட் கஃபேயில் முதன்முதலாக ஆடினேன். பிறகு முழு கேமையும் முடித்துவிட்டேன். பின்னால் வருகிற மிஷன்களில் கோட்டை, சுரங்கம், கப்பல் என்று பெரிது பெரிதாக என்னென்னவோ உண்டு. முதல் வீட்டுக்கு எதுவும் ஈடில்லை. கல்தரையில் ஒரு சத்தம், மரப்படியில் ஒரு சத்தம், கம்பளத்தில் சத்தமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு எந்த அறையில் நிற்கிறேன் என்று சொல்லிவிடுவேன்.

ஒன்று மட்டும் செய்து பார். உள்ளே போக அவசரப்படாதே. மதில் ஓரத்தில் அசையாமல் நின்று, காவல்காரர்கள் பேசுவதைக் கேள். உன்னால் முடியுமா தெரியவில்லை.

கம்ப்யூட்டரை ஆக்ரிக்குப் போட வேண்டாம் என்று மாமியிடம் சொல்.

ஷிபின்


திருவனந்தபுரம்
26-1-2026

சாருக்கு,

நான் கேட்டது மனு. நீங்கள் எழுதியிருப்பது புல்லும் சரளையும். கல்யாணம் ஆன நாளிலிருந்து உங்களிடமிருந்து இவ்வளவு நீளமாக ஒரு பேச்சு எனக்குக் கிடைத்ததில்லை. அது யார் வீட்டுக் காவல்காரனைப் பற்றியோ இருக்கிறது. வயிறு எரிகிறது. நாலு தடவை படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

"உன்னால் முடியுமா தெரியவில்லை" என்று ஒரு வரி போட்டீர்களே, அதற்காகவே இன்று லீவு நாளில் உட்கார்ந்தேன். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். "நீயும் தொடங்கியாச்சா? அந்தப் பெட்டியில பிசாசாக்கும் இருக்கு" என்று அம்மா ஒரு பாட்டம் பேசிவிட்டுப் போனாள்.

நின்றேன். முதலில் எரிச்சலாக வந்தது. எனக்குச் சும்மா நிற்கத் தெரியாது, கடையில் பத்து நிமிஷம் மைக் ஓய்ந்தால் முதலாளியே எட்டிப் பார்ப்பார். பிறகு அந்த இரண்டு பேரும் பேசுவது காதில் விழ ஆரம்பித்தது. அவர்கள் இங்கிலீஷ் பாதி புரியவில்லை. பல்வலி புரிந்தது. வாசல்காரனுக்குக் கடைவாய்ப் பல் வலிக்கிறது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், பாவி. அடுக்களையில் கிராம்பு இருக்கிறதாம், ஆனால் இடத்தை விட்டு நகர்ந்தால் வேலை போய்விடுமாம். மற்றவன் பல்லைப் பிடுங்கிவிடு என்கிறான். இவன் பயந்து மாட்டேன் என்கிறான். நான் தனியாக உட்கார்ந்து சிரித்துவிட்டேன். போன வாரம் இவனையா ஒரே போடு போட்டேன் என்று சங்கடமாகவும் இருந்தது.

மற்றவன் வீட்டைச் சுற்றப் போன பிறகு, அவன் தாங்க முடியாமல் அடுக்களைப் பக்கம் போகிறபோது வாசல் காலி. நான் நுழைந்துவிட்டேன்! அடி ஒன்றும் இல்லை, சத்தம் ஒன்றும் இல்லை. மரப்படியில் ஓரத்தில் கால் வைத்தால் கிறீச்சிடுவதில்லை, அதை நானாகவே கண்டுபிடித்தேன். மாடி வரைக்கும் போய் ஒரு பூச்சட்டியை உருட்டி மாட்டிக்கொண்டேன் என்பது வேறு விஷயம்.

இதைச் செய்தவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. காவல் காக்கிற பொம்மைக்குப் பல்வலி கொடுக்க யாருக்குத் தோன்றும்? ஒப்புக்கொள்கிறேன், போதுமா?

நீங்கள் இத்தனை வருஷம் அந்த மூலையில் உட்கார்ந்து ஆளுகளின் பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் ஏதோ சுட்டுத் தள்ளுகிறீர்கள் என்று நினைத்தேன்.

மனு என்ன ஆயிற்று?

ஷெமி


போனக்காடு
30-1-2026

அன்புள்ள ஷெமி,

மரப்படியின் ஓரத்தைக் கண்டுபிடிக்க எனக்குப் பல நாள் ஆனது. நீ முதல் நாளிலேயே கண்டுபிடித்துவிட்டாய். உண்மையாகவே ஆச்சரியப்பட்டேன்.

இங்கே நல்ல குளிர். பள்ளிக்கூடத்தில் மொத்தப் பிள்ளைகளும் ஒரே அறைக்குள் அடங்குவார்கள். மத்தியானக் கஞ்சி வைக்கிற சுடலைமாடத்தி அக்கா எனக்குத் தனியாகத் துவையல் அரைத்துத் தருகிறார். பேசுவதற்கு ஆள் கிடையாது, அதனால் பேச வேண்டிய அவசியமும் இல்லை.

பூச்சட்டி இருக்கும் இடத்தில் வலது சுவரை ஒட்டிப் போ. நான் ஆடினால், சாவியை எடுத்து முடித்ததும் கடைசியில் திரையில் வருகிற சீட்டில் எப்போதும் ஒரே வரிதான் வரும்: "நீ வந்துபோனது யாருக்கும் தெரியாது." அந்த வரியை வாங்கிப் பார். அதைப் போல ஒரு திருப்தி கிடையாது.

மனு விஷயம் பார்க்கலாம்.

ஷிபின்


திருவனந்தபுரம்
8-2-2026, ஞாயிறு

அத்தான்,

"பார்க்கலாம்" என்று படித்ததும் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். ஒரு வாரம் பதில் எழுதக் கூடாது என்று இருந்தேன். இருந்தும்விட்டேன். ஆனால் இன்று ஒன்று நடந்தது. அதை உங்களிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

சர்ச் முடிந்து வந்து ஆடினேன். பல்வலிக்காரன் வாசலில் நிற்கிறான். நான் அவனுக்கு நேரே எதிரில் புல்லில் பதுங்கியிருக்கிறேன். அந்த நேரம் பார்த்து அம்மா, "மக்கா, மீன்காரி வந்திருக்கா, சாளை வாங்கணுமா?" என்று கூப்பிட்டாள். எழுந்த வேகத்தில் கை எதையோ தட்டிவிட்டது. படகுக்காரன் சரளையில் நாலடி எடுத்து வைத்து விளக்கு வெளிச்சத்தில் போய் நின்றுவிட்டான். போச்சு என்று அப்படியே விட்டுவிட்டு மீன் வாங்கக் கிளம்பினேன். ஹெட்போன் கழுத்தில்தான் கிடந்தது, வயர் இழுத்ததால் திரும்பி வந்தேன்.

அத்தான், அவன் கத்தவில்லை. விளக்கைத் தூக்கிப் பார்க்கிறான். என் படகுக்காரன் கையில் கம்பு இல்லை, ஓடவும் இல்லை. "யாரது? சமையல்காரி அனுப்பினாளா?" என்று கேட்கிறான். "பயப்படாதே, நானே பயந்துபோய்த்தான் நிற்கிறேன்" என்கிறான். அப்புறம் சுவரில் சாய்ந்துகொண்டு பேசுகிறான், பேசுகிறான், அப்படிப் பேசுகிறான். மெதுவான இங்கிலீஷ், இந்தத் தடவை எனக்குப் புரிந்தது. அவன் முன்னால் படகோட்டியாம். அவன் படகையும் இந்த வீட்டுக்காரன் பிடுங்கிக்கொண்டானாம். அதற்குப் பதிலாகத்தான் இந்தக் காவல் வேலையாம். "இந்த வாசலில் இத்தனை நாளாக ஆட்கள் என்னைத் தாண்டிப் போகிறார்கள், ஒருத்தன்கூட என் எதிரில் நின்றதில்லை" என்று சொல்லிவிட்டு, கதவைத் தானே தள்ளித் திறந்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சாளை வேண்டாம் என்று மீன்காரியை அனுப்பிவிட்டேன். அம்மா இன்னும் முறைக்கிறாள்.

முன்வாசல் வழியாக நிமிர்ந்து போய்ச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தேன். கடைசிச் சீட்டில் உங்கள் வரி வரவில்லை. "ஒருவன் உன்னைப் பார்த்தான்" என்று வந்தது.

இது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். இத்தனை வருஷமாக ஒருத்தர் கண்ணிலும் படாமல் போய்ப் போய், உங்களுக்காக ஒருத்தன் பேசக் காத்துக்கொண்டிருந்ததைக் கேட்கவே இல்லையே நீங்கள். அந்த கேம் செய்தவர்களை நினைத்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. மாட்டிக்கொள்கிறவனுக்கும் ஒரு பேச்சு எழுதி வைத்திருக்கிறார்கள்.

நீங்கள் ஏன் போனீர்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது. நான் என்ன செய்தேன்? சொல்லுங்கள். திட்டிச் சொன்னாலும் பரவாயில்லை.

ஷெமி


போனக்காடு
12-2-2026

ஷெமி,

தெரியாது. எனக்குத் தெரியவே தெரியாது. முதலில் நீ கதை கட்டுகிறாய் என்று நினைத்தேன். பிறகு யோசித்தேன்: அந்த வெளிச்சத்தில் நான் ஒரு தடவைகூடக் கால் வைத்ததில்லை. அதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. பிள்ளைகளை இரண்டு தடவை அதட்டிவிட்டேன். சுடலைமாடத்தி அக்கா, "சாருக்கு வாயி இருக்கா!" என்று கேட்டுவிட்டார்.

திட்டச் சொன்னாய் அல்லவா? சரி, கேட்டுக்கொள்.

தினமும் சாயங்காலம் உங்கள் வீட்டில் குடும்ப ஜெபம். பாய் விரித்து மூன்று பேரும் கண்ணை மூடி உட்கார்வோம். மாமி ஜெபிப்பார்கள். ஊருக்கு, உலகத்துக்கு, நோயாளிகளுக்கு எல்லாம் ஜெபித்துவிட்டுக் கடைசியில் என்னிடம் வருவார்கள். "ஆண்டவரே, வாயிருந்தும் பேசாத இந்தப் பிள்ளைக்கு ஒரு நாக்கைக் கொடும். பெட்டிக்க முன்னால இருக்கப்பட்ட நேரம் பொண்டாட்டிக்கு ஒத்தாசை செய்ய மனசு கொடும். மாமியாருக்க வீட்டிலேயே காலத்தைக் கழிக்காம, ஆம்பளையா நின்னு ஒரு வீடு வைக்கப் புத்தி கொடும்." இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டிச் சொல்லவில்லை. மாமி என் முகத்தைப் பார்த்துச் சொன்னால் நானும் ஏதாவது சொல்லலாம். ஆண்டவரிடம் சொல்லிக்கொண்டிருப்பவரை நடுவில் புகுந்து நிறுத்துவது எப்படி? எந்தச் சபையில் அந்த வழக்கம் உண்டு? கண்ணை மூடிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, தினம் தினம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதுகூடப் போகட்டும். மாமியின் வாய் அப்படி, மனசு கெட்டது இல்லை. காய்ச்சல் கண்டால் எனக்குத்தான் முதலில் கஞ்சி வரும். என்னால் தாங்க முடியாதது வேறு. ஜெபம் முடிந்ததும் ஆமென் என்று ஒரு சத்தம் வரும். அது உன் சத்தம், ஷெமி. மைக் பிடித்துப் பழகிய தொண்டை. தெருவுக்கே கேட்கும். ஆம்பளையா நிற்கப் புத்தி கொடும் என்றதற்கும் ஆமென். நாக்கைக் கொடும் என்றதற்கும் ஆமென். ஒரு நாள், ஒரே ஒரு நாளாவது நீ சும்மா இருந்திருக்கலாம்.

எழுப்பினால் கடித்தா விடுவேன் என்று கேட்டாய். எழுப்பியிருந்தால் இதைச் சொல்ல வேண்டி வந்திருக்கும். அதனால்தான் எழுப்பவில்லை.

மனு எழுதி வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை.

ஷிபின்


திருவனந்தபுரம்
16-2-2026

அத்தான்,

முந்தாநாள் கடையில் சாப்பாட்டு நேரத்தில் துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டு மைக்கை என்னோடு வேலை செய்கிற அனுஷாவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். தலைவலி என்று சொன்னேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் கேட்டதில்லை. அம்மா ஜெபிக்க ஆரம்பித்தால் என் புத்தி அடுப்பில் வைத்த பாலுக்கும் மறுநாள் இட்லி மாவுக்கும் போய்விடும். குரல் இறங்கினால் முடியப்போகிறது என்று அர்த்தம், உடனே ஆமென் சொல்வேன். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து அத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் கேட்காமலே ஒப்புதல் கொடுத்துக்கொண்டிருந்தேன். நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

நேற்று சாயங்காலம் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு முழுசாகக் கேட்டேன். இப்போது ஜெபத்தில் நான்தான் இருக்கிறேன். "புருஷனை விரட்டிவிட்ட இந்த மகளுக்க வாயைக் கட்டும் ஆண்டவரே" என்றாள். ஐயோ, எப்படிக் குத்துகிறது! ஜெபம் முடிந்தது. நான் ஆமென் சொல்லவில்லை. அம்மா கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டு ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தாள். "என்னட்டீ?" என்றாள். "ஒண்ணும் இல்ல" என்றேன். நான் ஒன்றும் இல்லை என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை, பயந்துபோய் எனக்குச் சுக்குக்காப்பி போட்டுக் கொடுத்தாள்.

உங்களுக்காக அம்மாவிடம் நானே சண்டைக்குப் போயிருப்பேன். தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். நான் பேசினால் நீங்கள் மறுபடியும் இருட்டில்தானே நிற்பீர்கள்? நீங்கள் வந்து சொல்லுங்கள். உங்கள் பக்கத்தில் நான் இருப்பேன்.

உங்கள் கடிதத்தை இப்போது எத்தனையாவது தடவை படிக்கிறேன் என்று தெரியவில்லை. என்ன கோபம் அது! என் வீட்டுக்காரருக்கு இப்படிக் கோபப்படத் தெரியும் என்று யாரிடமாவது காட்ட வேண்டும் போல இருக்கிறது. எனக்கு உங்களை ரொம்பப் பிடித்திருக்கிறது, அத்தான்.

கையெழுத்துப் போடுங்கள் என்று கெஞ்சப்போவதில்லை. இல்லை, கெஞ்சுகிறேன். போடுங்கள்.

ஷெமி


போனக்காடு
18-2-2026, புதன்

அன்புள்ள ஷெமி,

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். மாறுதல் வர ஜூன் ஆகும் என்கிறார்கள். அதுவரை சனி, ஞாயிறு வருவேன். இந்தச் சனிக்கிழமையே வருகிறேன்.

அன்று சாயங்காலம் ஜெபம் நான் செய்கிறேன் என்று மாமியிடம் சொல். சத்தமாகச் செய்வேன், கொஞ்சம் நீளமாகவும் இருக்கும். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டே இருக்கட்டும், நடுவில் பேசக் கூடாது.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். முழுசாகக் கேட்டுவிட்டு, உனக்குச் சம்மதம் என்றால் மட்டும் ஆமென் சொல்.

ஷிபின்